அவள் ஏசிய சுருட்டுகள்

சண்டிலிப்பாயில் சுருட்டுக்குச் சுவைக்குறிப்பு எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புகையிலை நடுகிறவர்கள் இருக்கிறார்கள், சுருட்டுச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், விடிய எழும்பி முகம் கழுவமுதல் ஒன்றைப் பற்றவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் இந்த விசர் வேலை தேவைப்படவில்லை. எனக்கு அது வெளிநாட்டிலிருந்து தொற்றிய வருத்தம்.

நோர்வேயில் இருக்கும் மகன் ஒருமுறை விடுமுறையில் வந்தபோது எனக்கென்று ஒரு சுருட்டுப்பெட்டி கொண்டுவந்தான். மரப்பெட்டி. திறந்தால் ஒவ்வொரு சுருட்டும் இடுப்பில் தங்கக் கடதாசி கட்டிக்கொண்டு மாப்பிள்ளைத் தோரணையில் படுத்திருந்தது. உள்ளே ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தார்கள். மகன் வாசித்துச் சொன்னான். சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துப் பார்க்கவேண்டுமாம். முதற் பங்கில் கேதுரு மரமும் தோலும் தெரியுமாம். நடுப்பங்கில் கோப்பி. கடைசிப் பங்கில் மிளகும் ஈரமண்ணும்.

“அங்கை ஆக்கள் தாங்கள் பத்திற ஒவ்வொண்டுக்கும் இப்பிடி எழுதி வைக்கிறவை அப்பா. டயறி மாதிரி.”

குசினி யன்னலுக்குள் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

“தோலெண்டால் ஆரின்ரை தோல்?” என்றாள்.

மகன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். நான் அந்தச் சுருட்டை அடிவரை பற்றினேன். கேதுரு மரத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை என்பதால் அது எங்கே வந்தது, எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. புகை மணந்தது, அவ்வளவுதான். ஆனால் அட்டை என் மனதில் நின்றுவிட்டது. வெளிநாட்டுச் சுருட்டுக்கு இவ்வளவு சோடினை என்றால் எங்கள் சுருட்டுக்கு என்ன குறைச்சல் என்று ஒரு வீம்பு. மகன் விமானம் ஏறிய கையோடு சந்திக் கடையில் எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினேன்.

நான் வீடு வீடாகப் போய் மின்மானி வாசித்து ஓய்வு பெற்றவன். கண்ணால் பார்த்ததை உடனே எழுதாவிட்டால் கை குறுகுறுக்கும். அதனால் எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்காது என்று நினைத்தேன். முதற் சுருட்டுக்கு எழுதினேன்: “காரம் கூட. சாம்பல் வெள்ளை. நல்லது.” அடுத்ததற்கு: “காரம் குறைவு. நல்லது.” அதற்கு அடுத்ததும் நல்லதுதான். ஒரு பக்கம் முழுக்க நல்லது என்று எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் மூக்கு அப்படி. அடுப்பில் மண்ணெண்ணெய் கசிந்தாலும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

மூக்கு என்றால் அது என் மனைவியின் மூக்கு. படலையைத் திறக்கும்போதே பக்கத்து வீட்டில் காய்ச்சுகிற மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதிலேயே அவள் சட்டம் போட்டிருந்தாள், வீட்டுக்குள் சுருட்டு வரக்கூடாது என்று. எனக்கு ஒதுக்கிய இடம் கிணற்றடி வேலியோரம். அங்கே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. ஆனால் பின்னேரக் காற்று கிணற்றடியிலிருந்து நேரே குசினி யன்னலுக்குத்தான் போகும். சட்டம் போட்டவள் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒருநாள் நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, உதென்ன, வெந்தயம் கருகின மணம்? எறியுங்கோ உதை.”

நான் எறியவில்லை. “வெந்தயம் கருகின மணம்” என்று எழுதினேன். எழுதிவிட்டு இன்னொரு இழுவை இழுத்தேன். உண்மையாகவே வெந்தயம் கருகியிருந்தது. இவ்வளவு வருடமும் அது என் வாய்க்குள் கருகிக்கொண்டிருந்திருக்கிறது, ஒருவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சுருட்டைப் பற்றுவது நானும் சுவை பார்ப்பது அவளுமாக ஆகிவிட்டது. அவள் சுருட்டைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் இது, அது என்ற இரண்டோடு உது என்று ஒன்றும் இருக்கிறது. என் கையில் இருந்தால் இது. நம் இருவருக்கும் எட்டத்தில் இருந்தால் அது. உன் பக்கத்தில் இருந்தால் உது. யன்னலுக்குள் நின்றவளுக்கு என் கையிலிருந்த சுருட்டு எப்போதும் உது. அவள் தங்கையிடம் என்னைப் பற்றி முறைப்பாடு சொல்லும்போது, எனக்குக் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தி, உந்த மனுசன் என்பாள். அக்காள் வீட்டுக்குப் பின்னொழுங்கையில் குடியிருக்கும் அந்த மச்சாள், இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு முருங்கைக்காய் பிடுங்கிப்போவாள்.

கொப்பி நிரம்பத் தொடங்கியது. மானிப்பாய்ப் பக்கம் வாங்கிய சுருட்டு “மழை நனைஞ்ச வைக்கல்.” கோடா என்று சொல்கிற இனிப்புத் தண்ணீரைக் கூடுதலாகத் தெளித்த ஒன்று “பனங்கட்டிப் பாணி அடிப்பிடிச்சது.” ஒரு காய்ந்த சுருட்டு “பழஞ்சாக்கை உதறின மாதிரி.” சந்தையில் ஒரு கிழவர் தந்ததை அவள் “செத்தவீட்டுக் கொட்டில்” என்றாள், அதைக் கேட்டபிறகு நானும் பாதியில் அணைத்துவிட்டேன். மூன்று பங்கு விதியும் எங்களிடம் இருந்தது. முதற் பங்கில் முணுமுணுப்பு. நடுப்பங்கில் ஏச்சு. கடைசிப் பங்கில் யன்னலை அடித்துச் சாத்திவிடுவாள்.

ஒருநாள் மேசை லாச்சியைத் துப்பரவாக்கும்போது கொப்பி அவள் கையில் அகப்பட்டது. நின்ற நிலையில் வாசித்தாள். தங்கை வந்ததும் காட்டினாள்.

“பாரன் உந்த மனுசனை. நான் ஏசினதெல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறார்.”

கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. தன் ஏச்சு எழுத்தில் ஏறுகிறது என்று தெரிந்தபிறகு அவளுக்கு அதில் ஒரு கவனம் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்வதை விட்டாள். யன்னல் கம்பியில் முகத்தை வைத்து இரண்டுதரம் மணந்து பார்ப்பாள். “ஒடியல் மணம்” என்பாள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, “பொறுங்கோ, ஒடியல் இல்லை. புழுக்கொடியல். வெட்டிப்போட்டு எழுதுங்கோ” என்பாள். பச்சையாகக் காய்ந்த பனங்கிழங்குக்கும் அவித்துக் காய்ந்த கிழங்குக்கும் மணத்தில் உள்ள வித்தியாசத்துக்காக நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் கூடுதலாகக் கதைத்தது அந்தச் சில வருடங்களில்தான். சந்தோஷமாக இருந்தோம். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு பின்னேரம், வழக்கமான சுருட்டு, வழக்கமான கதிரை. யன்னலில் வந்து நின்றாள்.

“உது மணக்குது.”

“என்ன மணம்?”

“உது மாதிரி. உதுதான், உங்கை, சின்னச் சட்டியிலை வறுக்கிறது.” கையால் தாளிப்பது போலக் காட்டினாள். “சீ, வாயிலை நிக்குது, வருகுதில்லை.”

“வெந்தயமோ?”

“அதுதான், அதுதான்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வயது போனால் எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மணமும் உது மாதிரி ஆகத் தொடங்கியது. கொப்பியில் நான் கோடு போட்டு இடம் விட்டு வைப்பேன், அவளுக்கு ஞாபகம் வந்ததும் நிரப்பலாம் என்று. கோடுகள் கூடிக்கொண்டு போயின. சொற்கள் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தன. வெந்தயம் போனது, பிறகு வைக்கல், பிறகு தன் கையால் அவித்த புழுக்கொடியல்.

ஒரு காலை அடுப்பில் பால் பொங்கி ஊற்றிக் கருகிப் புகை எழும்பியது. என் மூக்குக்கே எட்டி நான் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தேன். அவள் அடுப்புக்கு முன்னால்தான் நின்றாள், கையில் அகப்பையோடு. அவளுக்கு மணக்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தபோது, பயந்துவிட்டேன். அப்படி ஒரு பயம் ஷெல் விழுந்த சண்டைக் காலத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் மலையகத்துப் பெடியன், பொறுமையாகக் கதைத்தார். பேனையைத் தூக்கிப் பிடித்து, “அம்மா, இது என்ன?” என்று கேட்டார்.

“உது உங்கடை பேனை” என்றாள் டக்கென்று.

மணிக்கூட்டைக் காட்டினார்.

“உது, உங்கடை உது. கையிலை கட்டுறது.” அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், நான் சொல்லை எடுத்துக் கொடுப்பேன் என்று. டொக்டர் எனக்குக் கையைக் காட்டி மறித்தார்.

மறதி நோய் என்றார். சொல்லும் மணமும் சிலருக்குச் சேர்ந்தே போகும் என்றார். போனது திரும்பி வருமா என்று கேட்டேன். “இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம் ஐயா. அவங்களோட பேசிக்கிட்டே இருங்க. வீட்டுல வழக்கமா என்ன பேசுவீங்களோ அதப் பேசுங்க” என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு விஷயத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் பெயர்தான் போயிருக்கிறது, உது போகவில்லை. டொக்டரின் கையில் இருந்ததை அவள் இது என்று சொல்லவில்லை, அது என்றும் சொல்லவில்லை. எதிரில் ஒரு ஆள் இருக்கிறார், பொருள் அவர் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் உது என்று சொல்லும்வரை நான் அவளுக்கு முன்னால் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழக்கமாகக் கதைப்பதைக் கதைக்கச் சொன்னார் டொக்டர். எங்கள் வீட்டு வழக்கம் ஏச்சு. ஆகவே நான் அவளை ஏசவைக்கப் புறப்பட்டேன். கதிரையைக் கிணற்றடியிலிருந்து தூக்கி யன்னலுக்குக் கீழே போட்டேன். கொப்பியைப் புரட்டி, அவள் ஆகக் கூடுதலாக ஏசிய சுருட்டுகள் எவையென்று பார்த்து, அவற்றைத் தேடித்தேடி வாங்கினேன். கடைக்காரர் நல்லதை எடுத்துத் தந்தால், இது வேண்டாம், நாறுகிறது எது என்று கேட்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மச்சாள்தான் கத்தினாள்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே? வருத்தக்காரிக்குப் பக்கத்திலை இருந்து புகை விடுறியள்.”

“ஏசுவாள் எண்டுதான்” என்றேன்.

அடுத்த கிழமை அளவெட்டியில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த மச்சாள், கடதாசியில் சுற்றிய ஒரு சுருட்டுக் கட்டை என் கையில் வைத்தாள். “வழியிலை ஒரு கடையிலை வாங்கினனான். கண்டறியாத மணம் அத்தான். பாருங்கோ, இதுக்கு அக்கா ஏசாட்டி ஒண்டுக்கும் ஏசமாட்டா.”

அந்தக் கட்டில் ஒன்றைப் பற்றவைத்தேன். மனைவி யன்னலுக்குள் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மூக்கைச் சுளித்தாள்.

“ஆட்டுக்கொட்டில்” என்றாள்.

முழுச் சொல். தடங்கல் இல்லாமல். குசினிக்குள் நின்ற மச்சாளின் கையிலிருந்து கத்தி விழுந்த சத்தம் கேட்டது. நான் கொப்பியில் எழுதினேன். மகனுக்கு அழைத்துச் சொன்னேன். அவன், “அப்பா, சுருட்டை விட்டிட்டு அம்மாவைக் கொழும்பிலை ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றான். அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்தக் கட்டு முடியும்வரை, நெஞ்சு நோகநோக, அதே சுருட்டை அதே இடத்தில் பற்றினேன். முடிய மச்சாள் போய் இன்னொரு கட்டு வாங்கிவந்தாள். ஆடும் வரவில்லை, கொட்டிலும் வரவில்லை. கொழும்புக்கும் போனோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

ஒருநாள் மத்தியானம் மச்சாள் அவளுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மர வாங்கில் குந்தியிருந்தேன், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில். அவள் தங்கையிடம் கேட்டாள்.

“அந்த மனுசன் இன்னும் வரேல்லையே?”

மச்சாள் சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “எந்த மனுசன் அக்கா? இஞ்சை இருக்கிறாரே.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தோளில் தளர்ந்து கிடந்த சீலைத் தலைப்பை இழுத்து ஒழுங்காகப் போட்டாள். வெளியார் யாராவது படலைக்குள் வந்தால் எங்கள் பெண்கள் செய்வது அது. எனக்கு முன்னால் அவள் அப்படிச் சீலையைச் சரிசெய்து நான் கண்டதே இல்லை. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். சத்தம் வந்தது. மறைக்க முடியவில்லை. மச்சாள் வரவில்லை; அவளும் அங்கே அழுதுகொண்டுதான் இருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்துபோகிற ஒரு பெரிய மனிதர். காலையில் கண்டால், “இருங்கோ ஐயா” என்று கதிரையைக் காட்டுவாள். “தேத்தண்ணி குடிச்சியளே?” என்று விசாரிப்பாள். புதினம் என்னவென்றால், விருந்தாளியோடு கதைக்கும்போது அவளுக்குச் சொற்கள் கொஞ்சம் கூடவே வந்தன. மரியாதைக்கென்று பழகிவைத்த சொற்கள் எங்கோ தனியாகப் பத்திரமாக இருந்திருக்கின்றன. வந்த ஆளை ஏசக்கூடாது என்ற மரியாதையும் அவற்றோடு சேர்ந்து இருந்தது. நான் எந்த நாற்றம் பிடித்த சுருட்டைப் பற்றினாலும் அவள் முகம் சுளிக்கவில்லை. அவள் ஏசவேண்டும் என்றுதான் இவ்வளவு பாடும் பட்டேன். வீட்டுக்கு வந்த பிறத்தியானை அவள் எப்படி ஏசுவாள்?

நான் யன்னலடியிலிருந்து கதிரையைத் தூக்கிப் பழையபடி கிணற்றடியில் போட்டேன். கொப்பி எழுதுவதையும் விட்டேன். சுருட்டை மட்டும் விடமுடியவில்லை.

இது போன மாரிமழைக்குப் பிறகு, ஒரு பின்னேரம். மச்சாள் இன்னும் வரவில்லை. நான் வேலியோரம் இருந்து பற்றிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவள் தானாக வெளியே வந்து கிணற்றுக்கட்டில் இருந்தாள். நான் சுருட்டை நிலத்தில் தேய்க்கப் போனேன்.

“அணைக்க வேண்டாம் ஐயா. பத்துங்கோ. எனக்கு ஒண்டுமில்லை” என்றாள். பிறகு, “எங்கடை அவரும் பத்திறவர்” என்றாள்.

“அப்பிடியே?” என்று கேட்டேன்.

“ஓம். நான் நெடுக ஏசுவன்.”

“ஏன் ஏசுறியள்?”

அவள் யோசித்தாள். நான் சொல் வரவில்லை என்று நினைத்தேன். சொல் வந்தது.

“ஏசாட்டி அவர் கதைக்கமாட்டார் ஐயா. வேலையாலை வந்தால் வாயே திறவாத மனுசன். ஏசினால்தான் என்ரை முகத்தைப் பாப்பார்.”

புகை அவள் பக்கம் போனது. நான் கையை விலக்கிப் பிடித்தேன். அவள் விலகவில்லை. கழுத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி, கண்ணை மூடி, அந்தப் புகையை மெல்ல உள்ளுக்கு இழுத்தாள். என்ன மணம் என்று நான் கேட்கவில்லை.

“உந்த மணம் எனக்கு நல்ல விருப்பம்” என்றாள். “தொடக்கத்திலையிருந்தே விருப்பம்.” பிறகு படலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. வாற நேரம்தான்.”

“சொல்லமாட்டன் அம்மா” என்றேன்.